வழி விசாரிக்கும் விரல்கள்

மாட்டுத் தரகர் ஒண்டியப்பன் குருவிடம் கேட்ட முதல் கேள்வி, கேள்வியாகவே இல்லை. சண்டைக்கு இழுத்த மாதிரி இருந்தது.

"வருமா, வராதா? ரெண்டுல ஒண்ணு சொல்லிப்போடுங்க அம்மணி. நடுவுல இருக்கற பேச்செல்லாம் டாக்டரே பேசிட்டாரு."

குரு தில்லைநாயகி மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"எது வருமா?"

"உசுரு. இந்தக் கைக்கு."

வலது கையை நீட்டினார். மணிக்கட்டின் குறுக்கே தையல் தழும்பு. டெம்போவில் ஏற்றும்போது ஒரு காளை மிரண்டு திரும்பியதில், பிய்ந்து நின்ற தகரம் கிழித்த இடம். நகரத்து ஆஸ்பத்திரியில் அறுந்த நரம்பை எடுத்துச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். நன்றாகவே தைத்திருந்தார்கள். ஆனால் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரக்கட்டை. மோதிர விரல் பாதி உயிர், பாதி கட்டை. சுண்டு விரல் ஒன்றுதான் முழுசாக அவருடையது.

"நரம்பு தானா வளர்ந்து வரும், பொறுத்துக்கங்கன்னு அனுப்பிட்டாங்க. நரம்பு என்ன கத்திரிச் செடியா? எங்கிருந்து எங்க வளரும்? அதுக்கு வழி ஆரு சொல்லுவாங்க? கேட்டா, 'அதெல்லாம் இயற்கை'ங்கறாரு. இயற்கைன்னா ஆருங்க? அட்ரஸ் குடுங்க, நானே போய்ப் பார்த்துக்கறேன்."

குரு இப்போதுதான் திரும்பினார்.

தரகரின் கோபத்தில் நியாயம் இருந்தது. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகரும் வாங்குகிறவரும் கை கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு விலை. இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் வேறு விலை. சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. மாட்டுக்காரருக்கே தெரியாது. இந்தப் பேச்சுக்கு வலது கைதான் வேண்டும். இடது கையை நீட்டினால் மாட்டையும் ஆளையும் சேர்த்து அவமானப்படுத்தியதாக அர்த்தம். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத ஒண்டியப்பன் அந்த வலது கை ஒன்றை வைத்துத்தான் ஆளானார். இப்போது அது தோளில் தொங்குகிற பாரம்.

குரு அவரைவிட வயதில் சின்னவர். முன்பு ஓர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, முட்டைக்குள் நரம்பு எப்படி முளைக்கிறது என்பதை மட்டுமே வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒரு நாள் அந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு நுண்ணோக்கியையும் சில மீன் தொட்டிகளையும் எடுத்துக்கொண்டு அமராவதிக் கரையில் இருந்த ஓட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், "அங்கே எல்லாரும் பதில் சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்பார். அவரைத் தேடிப் பலர் கேள்வியோடு வந்தார்கள். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு திரும்பினார்கள். மீதிப் பேர் சீடர்களானார்கள். ஒண்டியப்பன் எந்தப் பாதி என்று அன்றைக்குச் சொல்ல முடியாது.

"துண்டைக் குடுங்க" என்றார் குரு.

"எதுக்கு?"

"பேரம் பேசத்தான்."

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். குரு அதை அவர் கைமேல் போர்த்தி, தன் கையை உள்ளே விட்டார்.

"எத்தனை விரல் பிடிச்சிருக்கேன்?"

ஒண்டியப்பன் குருவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். புருவத்தைப் பார்த்தே ஆளின் மனசில் என்ன விலை ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். அந்தப் பழக்கம்.

"மூஞ்சியில ஒண்ணும் எழுதியில்லை. கையைக் கேளுங்க" என்றார் குரு.

"...ரெண்டு."

"நான் இன்னும் பிடிக்கவே இல்லை."

தரகருக்குக் காது சிவந்துவிட்டது. துண்டை உதறி எடுத்தார்.

"இது மோசடிங்க!"

"சந்தையில நீங்க இதைவிடப் பண்ணியிருப்பீங்க."

தரகர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். உண்மை அப்படி.

"நாளைக்குக் காலையில வெள்ளென வாங்க" என்றார் குரு.

"மருந்துங்களா?"

"வேடிக்கை."

*

வேடிக்கை பார்க்கிற ஆள் நானில்லை என்று வீட்டில் கத்தியவர், மறுநாள் சேவல் கூவுவதற்கு முன்பே வந்து நின்றார்.

ஜன்னலுக்குக் கம்பளி கட்டி இருட்டாக்கிய அறை. நுண்ணோக்கிக்கு முன்னால் ஒரு முக்காலி. குரு ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை அதன் அடியில் வைத்தார்.

"நேத்து விடியக்காலம் மீன் இட்ட முட்டை. இந்த வகை மீனுக்கு உடம்பு கண்ணாடி மாதிரி. நரம்பு மட்டும் பச்சையா மினுங்கும். பாருங்க."

ஒண்டியப்பன் குனிந்தார்.

"கறுப்பா என்னமோ நெளியுதுங்க. இதானுங்களா நரம்பு?"

"அது உங்க கண் இமை. கொஞ்சம் தள்ளிப் பாருங்க."

தள்ளினார்.

"உள்ள எதுவோ துடிக்குது."

"இதயம். இன்னைக்குத்தான் துடிக்க ஆரம்பிச்சிருக்கு."

சட்டென்று கண்ணை எடுத்துவிட்டார். கதவைத் தட்டாமல் யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டவர் போல இருந்தது அவர் முகம்.

"நாம பாக்கலாமுங்களா இதையெல்லாம்?"

"மெதுவாப் பாருங்க."

மறுபடி குனிந்தார். குரு ஒரு திருகைத் திருப்பினார். அறை இன்னும் இருண்ட மாதிரி இருந்தது. கண்ணாடி உடம்பு மறைந்து, கறுப்புக்குள் பச்சைப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. ஒரு புள்ளியிலிருந்து ஒரு நூல் கிளம்பியிருந்தது. சிலந்தி நூலைவிட மெல்லியது.

"நூலோட நுனியைப் பாருங்க."

பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அம்மணி."

"சொல்லுங்க."

"நுனியில கை இருக்குது."

குரு திருகை இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"விரல் விரலா நீட்டுது. தடவிப் பாக்குது... மடக்கிருச்சு. ஏன் மடக்கிருச்சு?"

"அந்தப் பக்கம் பிடிக்கலை."

"இப்ப வேற பக்கம் நீட்டுது. நிக்குது. ஒரு விரலை மட்டும் விட்டு நோட்டம் பாக்குது பாருங்க, காரியக்காரன்! ...தொட்டுருச்சு. அட, அந்தப் பக்கமே மொத்தமாத் திரும்பிப் போகுதுங்க!" முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "இது துண்டுக்குள்ள கை! பேரம் பேசிட்டுப் போகுது!"

"உக்காருங்க, கிண்ணம் ஆடுது."

உட்கார்ந்தார். குரல் தானாக இறங்கிவிட்டது.

"அதுக்குக் கண்ணு இருக்குதுங்களா?"

"இல்லை."

"காது?"

"இல்லை."

"பொறவு மூளைதான் சொல்லி அனுப்புதா?"

"மூளை இனிமேதான் வரணும். இந்த மாதிரி நூல்களைக் கோத்துக் கோத்துத்தான் அதையே கட்டணும்."

ஒண்டியப்பன் கண்ணை எடுத்தார். இருட்டில் குரு இருக்கிற பக்கம் திரும்பினார்.

"மூளையே இன்னும் கட்டி முடியலீங்களா?"

"இல்லை."

"அப்ப இங்க யோசிக்கறது ஆரு?"

குரு பதில் சொல்வார் என்று ஒண்டியப்பன் காத்திருந்தார். பிறகு பதில் வராது என்று புரிந்தது. அதற்கு அவருக்குக் கோபம் வரவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெளியே வெயில் ஏறியது. அவர் எழுந்திருக்கவில்லை. முதலில் கிளம்பிய நூல் தனியாகப் போனது. பின்னால் கிளம்பிய நூல்கள் அதன்மேல் கை வைத்து, அதையே பிடித்துக்கொண்டு போயின.

"மொத ஆளுக்கு வழி சொன்னது ஆரு?"

"வழியில அங்கங்கே சிலது நிக்கும். நரம்பு மாதிரிதான், சின்ன உயிர். ஒண்ணு இனிக்கும், ஒண்ணு கசக்கும். இனிச்ச பக்கம் போகும், கசந்த பக்கம் விலகும்."

"அவ்வளவுதானுங்களா?"

"உடம்புக்கு நடுவால ஒரு கோடு உண்டு. தூரத்துல இருந்து அந்தக் கோடு இனிக்கும். ஓடி வந்து அதைத் தாண்டின உடனே அதே கோடு கசந்துடும்."

"அதே கோடா? ஏன்?"

"இல்லைன்னா அங்கேயே உக்காந்துடும்."

தரகர் தொடையில் தட்டிச் சிரித்தார். "எங்க சந்தை வாசல்ல டீக்கடை இருக்குதுங்க. மாடு வாங்க வந்தவன் பாதிப் பேரு அதைத் தாண்டறதே இல்லை." சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "வழியில நிக்கறாங்கன்னீங்களே, அவங்களுக்குத் தரகு என்ன?"

"ஒண்ணுமில்லை."

"சும்மாவா நிக்கறாங்க?"

"நூல் போய்ச் சேர்ந்த பிறகு அதுல பல பேர் செத்துடுவாங்க. பல பிராணிகள்ல அப்படி."

"செத்தா?"

"வேலை முடிஞ்சது."

ஒரு நாளும் தரகு வாங்காமல் ஒரு மாட்டைக்கூடக் கைமாற்றி விட்டவரில்லை ஒண்டியப்பன். தன் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ற கைக்குள்ளயும் அப்படி ஆளுக நிக்கறாங்களா?"

"நின்னாங்க. நீங்க உங்கம்மா வயித்துல இருந்தப்போ."

"இப்ப?"

"இப்ப யாரும் இல்லை."

"ஒருத்தர்கூடவா?"

"பழைய தடம் இருக்கு. உள்ளே வெறும் குழாய் மாதிரி. அறுந்த இடத்துல இருந்து முளைக்கிற நூல் ஏதாவது ஒரு குழாய்க்குள்ள நுழையும். நுழைஞ்சா எங்கேயாவது போய்ச் சேரும்."

"எங்கேயாவதுன்னா எங்கே?"

"எங்கேயாவது."

"அப்ப வராதுங்கறீங்க."

"நான் அப்படிச் சொல்லலை."

"வருமுங்களா?"

"அதையும் சொல்லலை."

"நல்ல யாவாரமுங்க உங்களது" என்று எழுந்து போனார் ஒண்டியப்பன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். அவ்வளவு கோபம்.

மறுநாள் விடிகாலையில் திரும்பவும் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நேத்து ஒண்ணு திரும்பற முக்குல நின்னுட்டிருந்துதே, அது எந்தப் பக்கம் போச்சு?" என்றுதான் கேட்டார்.

*

அதன்பிறகு தினமும் வந்தார்.

அவர் மனைவி செல்லாத்தாளுக்கு இது பிடிபடவில்லை. சந்தைக்குப் போகிற ஆள் மீன் குஞ்சு பார்க்கப் போகிறார் என்றால் ஊரில் என்ன சொல்வார்கள்? அவள் கவலை அது. அதற்கிடையில் ஒரு நாள் கொதிக்கிற டீ டம்ளரை வலது கையில் பிடித்துக்கொண்டு ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, கை வேகுது! கைக்குத்தான் தெரியலை, மூக்குமா செத்துப்போச்சு?"

டம்ளரைப் பிடுங்கி வைத்தாள். ஆள்காட்டி விரல் கொப்பளித்திருந்தது. வலியே இல்லை. அவள் தேங்காய் எண்ணெய் தடவுவதை ஒண்டியப்பன் யாருடைய விரலையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி அவள்தான் அழுதாள். அவர் அழவில்லை. அழுகிற பழக்கம் கிடையாது.

ஒரு காலை, குரு அவர் மணிக்கட்டுத் தழும்பின்மேல் விரலால் தட்டினார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரி... இருங்க. எறும்பு ஊருது. விரல்ல ஊருது! விரலைத் தொடலையே நீங்க?"

"நூல் நுனி இப்ப இந்த இடத்துல இருக்கு. அதைத் தட்டினேன்."

ஒண்டியப்பன் மணிக்கட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். தோல்தான் தெரிந்தது. கறுத்த, வெயில் தின்ற, பழைய தோல்.

"இதுக்குள்ளயா?" மெதுவாகக் கேட்டார். "அந்தப் பச்சைக் கை... இதுக்குள்ளயா போயிட்டிருக்கு?"

"பச்சையா இருக்காது. மத்தபடி அதேதான்."

"கண்ணு இல்லாம."

"ம்."

"இந்த இருட்டுல."

அன்று முதல் அந்தக் கையை அவர் ஓங்கவில்லை. மேசையில் குத்தவில்லை. தூங்கும்போது தலையணைமேல் தனியாக வைத்துக்கொண்டார். யாராவது இடித்துவிட்டால், "பாத்துப் போங்க, உள்ள ஆள் நடக்குது" என்றார். "புது மாப்பிள்ளையைத் தாங்கற மாதிரித் தாங்கறீங்களே" என்று செல்லாத்தாள் சிரித்தாள். என்னை என்றைக்காவது இப்படித் தாங்கியிருக்கிறீர்களா என்றும் கேட்டாள். அதற்கு அவர் காது கேட்காத மாதிரி எழுந்து போனார்.

குரு தட்டும் இடம் நகர்ந்துகொண்டே வந்தது. மணிக்கட்டைத் தாண்டியது. உள்ளங்கை மேட்டைத் தாண்டியது. நெல் மணி நீளம் நகர்ந்தால் அவருக்குத் திருவிழா. மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. விரல்களின் அடியில் ஊறிய எறும்பு, நுனிக்கு ஏறியது.

ஒரு நாள் மாட்டுத் தொட்டியில் கை கழுவும்போது, கட்டை விரலுக்குத் தண்ணீர் ஜில்லென்றது.

தொட்டியிலிருந்து கையை எடுக்கவே மனசில்லாமல் நின்றார். மாடு வந்து தள்ளிவிட்டுத் தண்ணீர் குடித்தது.

*

"இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்றார் குரு.

பொறுத்திருக்கலாம். ஆனால் அது மார்கழிச் சந்தை. நல்ல மாடெல்லாம் வருகிற சந்தை. ஒண்டியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சென்னியப்பன் என்பவரின் சாம்பல் நிற மயிலைப் பசு. வாங்க வந்தவர் பக்கீர் பாய், பல வருடப் பழக்கம். துண்டு போர்த்தினார்கள். பாயின் கை உள்ளே வந்தது. விரல்களில் அழுத்தம் தெரிந்தது! எத்தனை மாதம் கழித்து! ஆள்காட்டி, நடு, கட்டை. மூன்று விரல், நல்ல விலை. தலையை ஆட்டினார். துண்டை எடுத்தார். சென்னியப்பனின் காதில் விலையைச் சொன்னார். சென்னியப்பன் முகம் மலர்ந்து மாட்டின் கழுத்திலிருந்து தன் கயிற்றை அவிழ்த்தார்.

கயிற்றை அவிழ்த்துவிட்டால் மாடு கைமாறிவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகு பேச்சுக் கிடையாது.

ஆனால் பேச்சு வந்தது.

"தரகரே, நான் பிடிச்சது ரெண்டு."

"மூணு."

"அல்லா சத்தியமா ரெண்டுங்க. கட்டை விரலை நான் தொடவே இல்லை."

"எனக்குத் தெரியாதா பாய்? என்ற கை பொய் சொல்லுமா?"

பாய் சண்டை போடுகிற ஆளில்லை. துண்டை மறுபடியும் போர்த்தி, கூட்டத்துக்கு முன்னால் ஒரே ஒரு விரலைப் பிடித்தார். "இது எது, சொல்லுங்க."

"நடுவிரல்."

பாய் துண்டை விலக்கினார். அவர் பிடித்திருந்தது ஆள்காட்டி விரலை.

சென்னியப்பன் அவிழ்த்த கயிற்றைத் திரும்பவும் பசுவின் கழுத்தில் கட்டினார். சந்தையில் அதைவிடக் கேவலம் கிடையாது. கட்டிக்கொண்டே சொன்னார்:

"ஒண்டியப்பண்ணா, உன்ற கையே உன்ற பேச்சைக் கேக்கலை. மாடு எப்படிக் கேக்கும்?"

சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள்.

*

குரு வாசலில் வலை அலசிக்கொண்டிருந்தார். தூரத்தில் வரும்போதே ஒண்டியப்பனின் சத்தம் கேட்டது.

"திருட்டு நரம்பு! வீடு மாத்திப் பூந்திருக்குது! நடுவிரலுக்குப் போக வேண்டியது ஆள்காட்டிக்குப் போயிருக்குது, கட்டை விரலுக்குப் போக வேண்டியது நடுவிரல்ல போய்ப் படுத்திருக்குது. ஊரே சிரிக்குதுங்க!"

"உக்காருங்க."

"உக்கார நேரமில்லை. இப்ப வர்ற பஸ்ஸுல டவுனுக்குப் போறேன். டாக்டர் வரச் சொல்லியிருக்காரு. 'வாங்க, பேசலாம்'ங்கறாரு. பேச ஒண்ணுமில்லை. அறுத்துட்டுத் திரும்பத் தைங்கன்னு சொல்லப் போறேன்."

"அறுத்தா, முதல்ல இருந்து நடந்து வரணும்."

"நடக்கட்டும்! இந்தத் தடவையாச்சும் ஒழுங்கா நடக்கட்டும்."

"வழி சொல்ல அப்பவும் ஆள் இருக்காது."

ஒண்டியப்பன் வெடித்துவிட்டார்.

"அதைத்தான் நானும் கேக்கறேன்! வழி சொல்ல ஒருத்தரும் இல்லைன்னீங்க. அப்புறம் எதுக்கு அது கிளம்புச்சு? வழி தெரியாதவன் இருந்த எடத்துலயே இருக்கறதுதானே? எதுக்கு வந்து என்னைச் சந்தி சிரிக்க வெச்சுது? சொல்லுங்க அம்மணி. இத்தனை மாசமா நீங்க ஒரு கேள்விக்கும் பதில் சொல்லலை. இதுக்காச்சும் சொல்லுங்க!"

மூச்சு வாங்கியது. கண்ணோரம் ஈரமாக இருந்தது. அதை அவர் துடைக்கவில்லை. அது அங்கே இருப்பதே தெரியாத மாதிரி நின்றார்.

குரு வலையைக் கீழே வைத்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்துப் படியில் உட்கார வைத்தார். துண்டு கேட்கவில்லை. வெயிலில், வெட்டவெளிச்சத்தில், ஒரு விரலைத் தொட்டார்.

தரகர் பழக்க தோஷத்தில் கையைப் பார்க்காமல் குருவின் முகத்தைப் பார்த்தார்.

"எது?"

"நடுவிரல்."

"கையைப் பாருங்க."

பார்த்தார். குருவின் விரல் ஆள்காட்டியின்மேல் இருந்தது.

"ஆள்காட்டி" என்றார் எரிச்சலோடு. "கண்ணுக்குத் தெரியுது. உள்ள இருக்கறதுக்குத் தெரியலையே. அது இன்னமும் நடுவிரல்னுதான் சொல்லுது."

"அதுக்கு எப்படித் தெரியும்? அறுபட்ட இடத்துல இருந்து விரல் நுனி வரைக்கும் வந்திருக்கு. கண் இல்லை. கேட்க ஆள் இல்லை. எத்தனையோ நூல் பாதியிலேயே நின்னு போயிருக்கும். இது நிக்கலை. வந்து ஒரு வாசல்ல நிக்குது. எந்த வாசல்னு அதுக்குத் தெரியாது."

ஒண்டியப்பன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"ஆராச்சும் சொன்னாத்தானே தெரியும்?"

"ஆமா."

"அந்த ஆளுகதான் எப்பவோ போயிட்டாங்கன்னீங்களே."

"போயிட்டாங்க."

"அப்ப அதுக்கு ஆரு சொல்லுவாங்க?"

குரு அவர் இடது கையை எடுத்து, வலது கையின் ஆள்காட்டி விரல்மேல் வைத்தார்.

"நீங்க இருக்கீங்களே" என்றார்.

ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறுகிற சத்தம் கேட்டது. ஹாரன் அடித்தது. நின்றது. கிளம்பிப் போனது. ஒண்டியப்பன் எழுந்திருக்கவில்லை. குனிந்து அந்த விரலைப் பார்த்து, இடது கையால் மெதுவாகத் தட்டி, "ஆள்காட்டி" என்றார்.